என் முகத்தில் அவர் கதை

திருநின்றவூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர், கறுப்பு வெள்ளைக் காலத்தில் கதாநாயகியாக நடித்தவர். எண்பதை நெருங்குகிறார். தலைக்குச் சாயம் பூசி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த புடவை கட்டி, காலையில் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவார். நான் அவரைவிடப் பத்து வயது இளையவள். பார்த்தால் அப்படித் தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு காலை, பழைய நைட்டியில், தோளில் துண்டோடு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். யூடியூப் சேனல் நடத்தும் ஓர் இளைஞன் கேமராவோடு வந்து இறங்கினான். வறுமையில் வாடும் பழைய நடிகையைத் தேடி வந்திருக்கிறான். மாடி வீட்டம்மாவும் அப்போதுதான் நடந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவன் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இன்னாம்மா, எப்டி இருந்தவங்க, இப்டி கீறீங்களே!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அவங்களுக்குக் காது மந்தம் தம்பி. எதுன்னாலும் என்னைக் கேளு. நான் கூடவே இருக்கறவ."

என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்துப் படம் பிடித்தான். கேள்விகளை அவரிடம் கேட்டான்.

"ஏன் இவங்க கல்யாணம் பண்ணிக்கல?"

"நிச்சயம் ஆயிருந்துச்சு. அப்ப குடல்வால் ஆபரேஷன்னு ஒரு மாசம் ஷூட்டிங் போகல. குழந்தை பெத்துக்கப் போயிருக்காங்கன்னு ஒரு பத்திரிகையில எழுதிட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதோட வரல. கால்ஷீட்டெல்லாம் பார்த்துக்கிட்டவரு இவங்க தாய்மாமன். அவரு போய் மறுப்பு போடச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தப் பேச்சுல படம் நல்லா ஓடிட்டிருந்துச்சு."

"அப்பால?"

"பல வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து, நான்தான் அந்தப் பிள்ளைன்னான். உட்காரவெச்சு சோறு போட்டு அனுப்பினாங்க."

மூன்று வருடமாக என் மாடியில் இருக்கிறார். குழம்பு, பால்காரர், தண்ணீர் மோட்டார் என்று எல்லாம் பேசியிருக்கிறோம். இதைச் சொன்னதில்லை. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மா, இங்க கேமராவப் பாருங்க!" என்று அவன் கத்தினான். எனக்குக் காது மந்தமல்லவா?

வீடியோ வந்தது. முகப்பில் நைட்டியோடு நான். மேலே சிவப்பு எழுத்தில், 'பெற்ற மகனே கைவிட்ட கொடுமை!' அதைப் பார்த்துப் பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் வந்து, அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, என் காலைத் தொட்டு அழுதுவிட்டுப் போனது. நல்ல பொன்னி அரிசி.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் போன் செய்தான்.

"நான் எப்பம்மா உன்னைக் கைவிட்டேன்? ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க."

"அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று போனை மாடி வீட்டம்மாவிடம் கொடுத்தேன்.

"கோவிச்சுக்காதப்பா" என்றார் அவர். "அந்தப் பிள்ளை என்னோடது. பொறக்கல, அவ்வளவுதான்."

அவன் என்ன சொன்னானோ, சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வா" என்று வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வர்றானாம். அவனுக்கு என்ன பிடிக்கும்?"

"வஞ்சிரம்."

அவரே வாங்கி வந்து சமைத்தார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். என் மகன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.