புதன்கிழமை விரதம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியிலை எங்கடை வீட்டிலை ஒரு கொத்து அரிசிதான் கிடந்தது. சண்டையாலை பாதை பூட்டு, சாமான் கப்பலும் வரேல்லை. சங்கக்கடையிலை நிவாரண அரிசியும் இல்லை. புத்தூரிலை எல்லா வீட்டிலும் தட்டுப்பாடுதான். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. என்ரை மனுசனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது.

நான் ஐஞ்சாம் வகுப்போடை நிண்டனான். நாலுபேர் முன்னாலை வாய் வராது. அவருக்குக் கஞ்சியைக் குடுத்துவிட்டு, எனக்கு விரதம் எண்டு சொல்லுவன். ஒருநாள் வெள்ளி எண்டன், ஒருநாள் சதுர்த்தி எண்டன். அவருக்கு அதிலை பெருமை. படலையடியிலை இருந்து போறவாற ஆக்களுக்கு, "எங்கடை ஆள் இப்ப சாமியாராப் போட்டா" எண்டு பகிடி விடுவார். விரதக்காரிக்கு ஆர் சோறு நீட்டுவினம்? பிழை அவையிலை இல்லை.

இருபது நாளிலை சட்டை தொளதொளத்துப் போச்சு. ஒரு காலமை தண்ணி அள்ளேக்கை கயிறு கையை விட்டுப் போட்டுது. கிணத்துக்கட்டிலை இருந்து அழுதன். "பிள்ளையாரே, உன்ரை பேரிலை பொய் சொன்னதைப் பொறுத்துக்கொள். நான் போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஆர் கஞ்சி வைக்கிறது? எனக்குக் கேக்கத் தெரியாது. நீதான் ஆரையாவது அனுப்ப வேணும்" எண்டு மன்றாடினன்.

அண்டைக்கே பக்கத்து வளவுச் சரசு தேத்தண்ணி கொண்டுவந்தாள். புருசன் இல்லாமல் மூண்டு பிள்ளையளை வளக்கிறவள். நான் பழக்கத்திலை, வேண்டாம் பிள்ளை, வெள்ளிக்கிழமை விரதம் எண்டு சொல்லிப்போட்டன். பசியிலை கிழமை பிசகிப் போச்சு.

"இண்டைக்குப் புதன், மாமி."

நான் நிலத்தைப் பாத்தன். அவள் அடுப்படியிலை, அவர் கஞ்சி குடிச்சுக் கழுவிக் கவிட்டிருந்த ஒரே ஒரு கோப்பையைப் பாத்தாள்.

"அப்ப நானும் புதன் விரதம் பிடிக்கிறன். விரதம் முடிச்சுத் தனிய இருந்து பாறணைச் சாப்பாடு சாப்பிடக்கூடாது. பொழுதுபட மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டாள்.

குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும். தன்ரை பங்கைத்தான் பிச்சு வைச்சவள். அடுத்தநாள் துவக்கம் அவளின்ரை உலையிலை எங்களுக்கும் ஒரு பிடி விழுந்தது. அவள் வெங்காயம் நடப் போகேக்கை நான் பிள்ளையளைப் பாத்தன்.

மூண்டு வருசம் போட்டுது. தட்டுப்பாடு இன்னும் தீரேல்லை. ஆனால் இப்ப பசிச்சால் பசிக்குது எண்டு சொல்லுறன். சொல்ல வெக்கம்தான். என்னைப்போல வயது போனவை, பசியைச் சாமி பேராலை மூடாதேங்கோ. பிள்ளையாரிட்டைச் சொல்லுங்கோ, கேட்பார். மற்ற அடியார்களுக்கும் ஒண்டு. உங்கடை அயலிலை ஒரு கிழவி அடிக்கடி விரதம் எண்டால், பக்தி எண்டு நினைச்சுப் போகாதேங்கோ. அடுப்படியை ஒருக்கா எட்டிப் பாருங்கோ. உங்களைத்தான் அனுப்பச் சொல்லி அவள் கேட்டிருப்பாள்.