சாயம் படாத விரல்

பட்டு நூலுக்குக் கருநீலச் சாயம் போடும் பட்டறையில் எனக்கு வேலை. விரல்கள் எப்போதும் கருத்தே இருக்கும். எழுபத்தொன்றில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போனேன். அதிகாரி என் இடது ஆட்காட்டி விரலைப் பார்த்தார்.

“இன்னாபா, ஒரு தபா போட்டுட்டு மறுபடியும் வந்துக்கினு இருக்கியா?”

“சாயம் சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்ததும் கூச்சத்தில் திரும்பிவிட்டேன்.

எழுபத்தேழு தேர்தலை விடுவதில்லை என்று, ஒரு மாதம் முன்பிருந்தே இடது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் நூலை முக்கினேன். “கல்யாணப் பொண்ணாட்டம் கையைப் பொத்திக்கினு இருக்கான் பாரு” என்று முதலாளி தினமும் கேலி செய்தார்.

தேர்தலன்று வேலை முடிந்து சுத்தமான விரலோடு போய் நின்றேன். அதிகாரி விரலைப் பார்க்கவேயில்லை. பட்டியலைத்தான் புரட்டினார்.

“உங்க தெருவை வேற தொகுதியில சேர்த்துட்டாங்கபா. ஏனாத்தூர் பக்கம் போய்ப் போடு.”

யாரும் ஏன் முன்பே சொல்லவில்லை? ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் பட்டறையில் எல்லார் விரலிலும் சாயத்துக்கு மேலேயே ஓட்டு மை இருந்தது.

“ஏம்பா, நீ மட்டும் ஓட்டு போடலியா?” என்றார் முதலாளி.

ஒரு மாதமாகக் கையில் சுற்றியிருந்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, இடது கையை முழங்கை வரை சாயத்தொட்டியில் விட்டேன்.