பூச்சு உரித்த பன்னிரண்டு துப்பாக்கிகள்

அந்த எஸ்.ஐ. கள்ளக்குறிச்சியில் இருந்த எங்கள் ஆயுதப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. காலை அணிவகுப்பில் ஒவ்வொருவரிடமும் சொந்த ஊர் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் உள்ள என் ஊரைச் சொன்னதும் நின்றார். அவருடையது அடுத்த ஊர். கிணறும் கரும்புமாக நிலம் உள்ள குடும்பம்.

"உங்க அம்மாவ எனக்கு நல்லா தெரியும்பா. எங்க கொல்லைக்கு கரும்பு சோகை உரிக்க வருவாங்க. நீ வரப்புல குந்திக்கினு இருப்ப."

நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னது பொய்யில்லை. மற்ற ஏட்டுகளை 'ஏட்டு' என்றே கூப்பிட்டவர், அன்றிலிருந்து என்னை மட்டும் 'ஏம்பா' என்றார்.

ஆயுத அறை என் பொறுப்பு. துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து, பூட்டி வைப்பதுதான் என் வேலை. சுடும்போது துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பாகத்தை போல்ட் கேரியர் என்போம். சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது அதன் ஓட்டம்தான். அதன் மேல் சாம்பலும் கறுப்பும் கலந்த நிறத்தில் ஒரு பாஸ்பேட் பூச்சு இருக்கும். தொட்டால் சற்றுச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புதான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துருவை அண்டவிடாது. உராயும் இடங்களில் விரல் நுனியால் மெல்லிசாக எண்ணெய் தடவிவிட்டால் போதும். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு அதற்கு மேல் ஒரு சொட்டும் ஆகாது. இதைப் பயிற்சியில் படித்தேன், பிறகு என் கையே கற்றுக்கொண்டது.

ஒரு மேலதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் எஸ்.ஐ. ஆயுத அறைக்குள் நுழைந்தார். ஒரு கேரியரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, சோறாக்குன சட்டி மாதிரி கீது? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பளபளன்னு வெய்யி. எண்ணெ நல்லா ஊத்து."

அது அழுக்கு இல்லை, பூச்சு என்றேன். தேய்த்தால் இரும்பு வெறுமனே நிற்கும், வழுக்கல் போய்விடும், எண்ணெய் ஜாஸ்தியானால் புழுதியைக் குழைத்துக் களிம்பாக்கிவிடும் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகவே காட்டவில்லை. 'எங்கள் கொல்லைக்கு வந்தவன் எனக்குப் பாடம் சொல்கிறானா' என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. நான் தேய்க்க மாட்டேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு வழக்கில் சாட்சி சொல்லத் திருக்கோவிலூர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. சாவியை முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது மேஜை மேல் பன்னிரண்டு கேரியர்கள் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னின. தரையெல்லாம் கறுப்புத் தூள். மூன்று காவலர்களை உட்காரவைத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருத்தி நைனார்பாளையத்துப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. துப்பாக்கியைப் பிரிக்கவும் மாட்டவும் ஆசையோடு என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவள். அவள் விரல்களெல்லாம் கறுத்துப் போயிருந்தன. "வேணாம்னு சொன்னேன் ஏட்டய்யா, அவுரு உடல," என்றாள்.

அவருடைய பொருள் எதையாவது அடித்து நொறுக்க வேண்டும் போல இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பன்னிரண்டின் எண்களையும் எழுதி வைத்து, சிவப்பு நூல் கட்டித் தனியாக நிறுத்தினேன். மறுநாள் அவர் நூலை அறுத்து எறியச் சொன்னார்.

பார்வையிட வந்தவர் மின்னிய பாகங்களைப் பார்த்து, நல்ல பராமரிப்பு என்றார். எஸ்.ஐ. விறைப்பாக சல்யூட் அடித்தார். வந்தவரின் வண்டி வெளியே போனதும், "கத்துக்கப்பா," என்று என் தோளில் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் அன்று முழுக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

சித்திரை மாதம் கல்வராயன் மலை அடிவாரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி வந்தது. இங்கேதான் நான் செய்ததைச் சொல்லவேண்டும். முந்தின நாள் துப்பாக்கிகளைச் சரிபார்த்தபோது அந்தப் பன்னிரண்டிலும் எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. துடைத்து உலர்த்தி அளவாகத் தடவ அரை நாள் போதும். இல்லையென்றால் பழுது என்று எழுதி நிறுத்தியிருக்கலாம், அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும் அவை சுடாமல் நின்றுபோகட்டும், அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன் என நினைத்தேன். அப்படியே வண்டியில் ஏற்றினேன்.

மலையிலிருந்து இறங்கிய காற்று செம்மண்ணை வாரி வாரிக் கொட்டியது. முதல் வரிசை சுட்டு முடிப்பதற்குள் இரண்டு துப்பாக்கிகள் நின்றன. கேரியர் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. உள்ளே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து செங்கல் சூளைச் சேறு போல இருந்தது. எஸ்.ஐ. என்னைப் பார்த்துக் கத்தினார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்றாவதாக நின்றது நைனார்பாளையத்துப் பெண்ணின் துப்பாக்கி. சுட்ட கூடு, வெளியேறும் வாயிலில் பல்லில் கவ்வியது போலச் சிக்கிக்கொண்டது. "இழுத்துத் தள்ளும்மா, இன்னா பாத்துக்கினு கீற," என்று எஸ்.ஐ. அவள் தலைக்கு மேலே நின்று அவசரப்படுத்தினார். அவள் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றினாள். ஒரு கையால் கேரியரின் பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, இன்னொரு கை விரலால் கூட்டைத் தட்டிவிடப் பார்த்தாள். எண்ணெய்க் கையில் பிடி வழுக்கியது. அதுவரை முரண்டு பிடித்த கேரியர் அந்த நேரம் பார்த்து முன்னால் பாய்ந்தது. ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கி நகம் பெயர்ந்து தொங்கியது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

விசாரணை நடந்தது. பராமரிப்புக் குறை என்று எஸ்.ஐ. என் மேல் எழுதிக் கொடுத்தார். நான் பதிவேட்டைக் காட்டினேன். கட்டுப்போட்ட கையோடு வந்த அவள், உப்புத்தாள் கொடுத்தது யார், தேய்க்கச் சொன்னது யார் என்று எஸ்.ஐ.யின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். தேய்த்த மற்ற இரண்டு பேரும் ஞாபகம் இல்லை என்று நழுவினார்கள். எஸ்.ஐ.யை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கேரியர்கள் மறுபூச்சுக்காகப் பணிமனைக்குப் போயின. பயிற்சிக்கு முந்தின நாள் நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் கேட்டாள். கட்டுப் பிரித்த வாரம் ஆயுத அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மொத நாள் நீங்கதான செக் பண்ணீங்க ஏட்டய்யா? நிக்கும்னு தெரிஞ்சிக்கினே குடுத்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். உனக்கு அடிபடும் என்று நினைக்கவில்லை என்று சேர்த்துச் சொன்னேன்.

"அவுரு மேல இருக்கிற கோவத்துக்கு என் வெரல்தான் கெடச்சுதா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மன்னித்துக்கொள் என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எஸ்.ஐ.யை அதற்குப் பிறகு ஒருமுறை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானும் திருப்பிக்கொண்டேன். அவரை இன்றும் வெறுக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அவள் இன்னும் எங்கள் பிரிவில்தான் இருக்கிறாள். நகம் கோணலாக முளைத்திருக்கிறது. துப்பாக்கி வாங்க வரும்போது என் எதிரிலேயே அதைத் திறந்து, அந்த விரலாலேயே கேரியரைத் தடவிப் பார்க்கிறாள். விரலைத் துணியில் துடைத்துக்கொள்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர வேறு ஒரு சொல் பேசுவதில்லை.