குலுக்கிப் பார்க்காத போத்தல்

உண்மை சொன்ன ஒரு பிள்ளையைப் பொய்க்காரி என்று வகுப்பின் முன்னால் நிறுத்தியவன் நான். போர் முடிந்து மீள்குடியேறிய இரண்டு மூன்று வருடங்களில், முள்ளியவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது.

வீட்டில் இருக்கிற பொருட்களை மட்டும் வைத்து ஒரு பரிசோதனை செய்துவரச் சொல்லியிருந்தேன். தெரிவாகும் ஒன்று கல்வி வலயக் கண்காட்சிக்குப் போகும். பிள்ளைகள் தேசிக்காய், முட்டை, அப்பச்சோடா, பலூன் என்று கொண்டுவந்தார்கள். வினாகிரியில் கிடந்து ஓடு கரைந்த முட்டை ஒன்றை எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசி வாங்கில் இருந்த அந்தப் பிள்ளை கொண்டுவந்தது மூன்று போத்தல் தண்ணீரும் ஒரு துண்டு உடுப்புச் சவுக்காரமும்தான். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் குளத்துத் தண்ணீர், மற்றதில் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, இருபது தரம் குலுக்கி, எழும்பிய நுரையை விரலால் அளந்து கொப்பியில் எழுதியிருந்தாள். மழை நாலு விரல். குளம் இரண்டு. கிணறு பூச்சியம்.

அந்தப் பூச்சியம்தான் என் கண்ணை உறுத்தியது. சவுக்காரம் போட்டுக் குலுக்கினால் கொஞ்சமாவது நுரை வராமல் இருக்குமா? வீட்டில் ஒன்றும் செய்யாமல், வரும் வழியில் பஸ்ஸில் இருந்து எழுதியது என்று முடிவு கட்டினேன். அதை நிரூபித்துக் காட்டவும் ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுப்பித்து, அவளுடைய சவுக்காரத்தையே சீவிப் போட்டுக் குலுக்கினேன். நுரை போத்தலின் கழுத்துவரை வந்தது.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சேர், அது பள்ளிக்கூடத்துத் தண்ணி. எங்கட தண்ணியைக் குலுக்கிப் பாருங்கோ."

"ஏன், உம்மட வீட்டுக் கிணத்துக்கு மட்டும் தனி விஞ்ஞானமோ?" என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவளுடைய போத்தல் என் கைக்கெட்டும் தூரத்தில், மேசையிலேயே இருந்தது. குலுக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. கொப்பியில் 'கற்பனை' என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். முட்டை வலயத்துக்குப் போனது. 'தனி விஞ்ஞானம்' அவளுக்குப் பட்டப்பெயரானது. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கை உயர்த்தவேயில்லை. பிள்ளை அடக்கமாகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும், சுண்ணாம்புச் சத்துக் கூடிய வன்னீரில் சவுக்காரம் நுரைக்காது என்ற பாடத்தை வருடாவருடம் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் சமன்பாடும் எழுதுவேன். ஆனால் அறுபத்தைந்து வயதுவரை ஒரு சேர்ட்டைக்கூட நானாகத் தோய்த்ததில்லை. முதலில் அம்மா தோய்த்தார், பிறகு மனைவி.

இளைப்பாறிய பின் நெளுக்குளத்தில் குடியிருக்கிறோம். சென்ற வருடம் மனைவி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். உடுப்புத் தோய்க்கும் வேலை எனக்கு வந்தது. கிணற்றடியில் சவுக்காரத்தைத் தேய்க்கத் தேய்க்க நுரையே இல்லை. திரைந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ, நான் உடுத்துகிற சாரத்தில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரன் போலிச் சவுக்காரம் தந்து ஏமாற்றிவிட்டான் என்று ஏசினேன். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சவுக்காரத்தில பிழையில்லை. இந்தத் தண்ணியே அப்பிடித்தான். கூரையால விழுற மழைத்தண்ணியை நான் ஏன் வாளி வாளியாப் பிடிச்சு வைக்கிறனான் எண்டு நினைச்சனீங்கள்?"

ஈரச் சாரத்தோடு அப்படியே நின்றேன். அந்தப் பூச்சியம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றே எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சவுக்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன். ஒரு விரல் அல்ல, ஒரு நூலளவுகூட நுரை நிற்கவில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். இப்போதும் அவர் தண்ணீரூற்று என்ற ஊரில், சிறுவயதில் இருந்த அதே வீட்டில்தான் இருக்கிறார். திருமணமாகிவிட்டது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். ஒரு காலை பஸ் ஏறிப் போனேன். என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். வந்த காரணத்தைச் சொல்லாமல், அவர்கள் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துண்டு சவுக்காரமும் கேட்டு வாங்கினேன். அவருக்கு முன்னால் இருபது தரம் குலுக்கினேன். நுரை இல்லை.

"பிள்ளை, நீர் எழுதினது சரி. நான் பார்க்காமலே உம்மைப் பொய்க்காரி ஆக்கினனான். மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் போத்தலை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"அது சரியெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், சேர். வீட்டில உடுப்புத் தோய்க்கிறது நான்தானே," என்றார். பிறகு தையல் மெசினின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "ஆனா அதுக்குப் பிறகு, என்ர கண்ணால பார்த்ததையும் ஆரிட்டையாவது கேட்டுத்தான் நம்புறனான். அளந்து வெட்டின துணியைக்கூட ரெண்டு பேருக்குக் காட்டிப்போட்டுத்தான் தைக்கிறன்."

வகுப்பின் முன்னால் செய்த பிழைக்குத் தனியாக வந்து மன்னிப்புக் கேட்டால் போதாது என்பது அப்போது விளங்கியது. அவருடைய சம்மதத்தோடு, அந்த வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்க்கச் சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். மூன்று பேர், தங்கள் வீட்டுக் கிணறும் அப்படித்தான், அன்றைக்கே தெரியும், சேருக்கு எதிராகக் கதைக்கப் பயந்துதான் சிரித்தோம் என்று எழுதினார்கள். அவர் ஒன்றும் எழுதவில்லை.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், எனக்கு மட்டும் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மேசையில் வரிசையாக மூன்று போத்தல்கள். கீழே, "மழைக்குக் கிணறு நிரம்பிட்டுது. இப்ப அரை விரல் நுரை வருது" என்று இருந்தது. 'சரியோ சேர்?' என்று கேட்டிருக்கவில்லை.

என்னை மன்னித்துவிட்டாரா என்று நானும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான் இந்த வயதில் எனக்குக் கிடைத்திருக்கிற ஆறுதல்.