ஆணி ஏன் இடது பக்கம் இருக்கிறது

நீ சொன்னது பொய். கல்லூரி மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஏவுமேடையை நானே வடிவமைத்தேன்" என்றாய். அதை வடிவமைத்தவன் நான். வெல்டிங் அடித்தவனும் நான்.

நாம் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். நீ மேலே படித்துத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனாய். நான் திரேஸ்புரத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ந்து, கைவிட்ட உப்பளத்தில் முழங்கை நீள ராக்கெட் விடுவோம். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் தாள் பாராசூட். ராக்கெட் உன் வேலை. அதில் நான் பங்கு கேட்கவில்லை.

கடல் காற்றுதான் தொல்லை. நேராக நட்ட கம்பியிலிருந்து விட்டால், இறங்கும்போது காற்று பாராசூட்டை இழுத்துக்கொண்டு போய் உடைமரக் காட்டு முள்ளில் மாட்டிவிடும். நாலு ராக்கெட் அப்படிப் போச்சு. காற்றுக்கு எதிராகக் கம்பியைச் சாய்க்க வேண்டும் என்று நீ சொன்னாய். எவ்வளவு சாய்ப்பது, எப்படி நிறுத்துவது என்று உனக்குத் தெரியவில்லை. கல்லை முட்டுக் கொடுத்துப் பார்த்தாய், சரிந்தது.

என் பட்டறையில் ஒரு பழைய எஞ்சின் தாங்கி கிடந்தது. படகு கரைக்கு வரும்போது, தண்ணீரைத் தள்ளும் காற்றாடி மணலில் இடிக்காமல் இருக்க எஞ்சினைச் சாய்த்துத் தூக்குவார்கள். தாங்கியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய துளையில் ஆணியைச் செருகினால் அந்தச் சாய்விலேயே நிற்கும். கம்பியை அதில் மாட்டி, மூன்று காலில் பொருத்தினேன். உப்பளத் தரை மேடு பள்ளம் என்பதால் குழாய்க்குள் குழாய் விட்டு, காலைக் கூட்டிக் குறைக்க போல்ட் வைத்தேன். மூன்று சாயங்காலம் ஆச்சு.

முதல் ஞாயிறு இரண்டு துளை சாய்த்தோம். ராக்கெட் கடல் பக்கம் ஏறிப் போய், பாராசூட் விரிந்து, காற்றோடு திரும்பி வந்து நம் காலடியில் விழுந்தது. என்னைக் கட்டிப் பிடித்தாய்.

"ஏலே, நீதாம்லே எஞ்சினியர்."

அந்த ஒரு வார்த்தையில் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

நீ படித்த கல்லூரியில் கண்காட்சி என்று ஏவுமேடையைக் கேட்டாய், கொடுத்தேன். பட்டறையை மூடிவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றேன். என் வெல்டிங் மேல் நீல பெயிண்ட் அடித்திருந்தாய். பொன்னாடை போர்த்தினார்கள். நீ கடைசி வரிசையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவரு நல்லாப் பேசுதாரு, அவரைக் கூப்பிடுதாவ. நீங்க பொறாமையில வேகுதிய."

ஆமாம், பொறாமைதான். உன் இங்கிலீஷ் மேல், அந்தப் பொன்னாடை மேல், உன்னோடு நின்று போட்டோ எடுத்த பிள்ளைகள் மேல் பொறாமை. கல்லூரிக்காரர்கள் எடுத்துப் போட்ட வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. சாய்வை மாற்றிக் காட்டுங்கள் என்று பேராசிரியர் கேட்கிறார். உன் வலது கை வலது பக்கம் போய்த் தடவுகிறது. அங்கே ஆணி இல்லை. அசட்டுச் சிரிப்புச் சிரித்து, குனிந்து தேடி, இடது பக்கம் பிடிக்கிறாய்.

படகில் வலது கை எஞ்சின் பாரத்தைத் தாங்கும், இடது கைதான் ஆணியை உருவும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஆணியை இடது பக்கம் வைத்துவிட்டேன். தரையில் நிற்கும் ஏவுமேடையில் தாங்குவதற்குப் பாரம் ஏது? அது என் தப்பு. முதல் நாளே கண்டேன், வெட்டி மாற்ற இருந்தேன். மாற்றாதது நல்லதாகப் போயிற்று.

அடுத்த மாதம் அதே மேடைக்கு உன்னை மறுபடி அழைத்திருக்கிறார்கள். பட்டறைக்கு வந்து, "விடுலே, நமக்குள்ள என்ன" என்று காதோரம் பேசாதே. நான் இந்தத் தடவை முன்வரிசையில் இருப்பேன். நீ மைக்கைப் பிடி. அத்தனை பேர் கேட்கச் சொல்: ஆணி ஏன் இடது பக்கம் இருக்கிறது?