மணி அடிக்காத பெயர்

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் போதகர் தகரப் பெட்டியை மேசைமேல் கவிழ்க்கிறார். சீட்டுகள் விழுகின்றன. ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு அருகே பிடித்து, அதிலிருக்கும் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார். கைமணியை ஒருமுறை அடிக்கிறார். அடுத்த சீட்டு.

ஊரில் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு சாகத் தொடங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். பெட்டி தேவாலயத்துக்கு வெளியே, தெருவைப் பார்த்து மாட்டியிருக்கிறது. செத்தவர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். எந்தப் பக்கம், எந்தச் சாமி என்ற கேள்வியே இல்லை. மேடைக்கு வரும்வரை அவரும் சீட்டைப் பார்ப்பதில்லை. "முன்னாடியே படிச்சா, இது நம்ம ஆளு, இது அவங்க ஆளுன்னு கை தானா பிரிச்சிடும். என் கைய எனக்குத் தெரியும்" என்பார். இதனாலேயே பாதிச் சபை கோபித்துக்கொண்டு போய்விட்டது.

நான் அவருடைய எதிர்வீட்டுக்காரன். சாமி விஷயத்தில் கொஞ்சம் கஞ்சன். கும்பிடுவதும் இல்லை, திட்டுவதும் இல்லை. கடைசி வரிசையில் போய் உட்காருவது இவருக்காகத்தான். கடைசி வரிசை என்றாலும் இப்போது அது நான்காவது வரிசைதான். மனிதர் நல்ல உயரம். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருப்பார். பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிடும். விசுவாசம் இருக்கிறதா என்று ஒருமுறை வம்புக்குக் கேட்டேன்.

"காலைல இருக்கு. சாயங்காலம் தேட வேண்டியிருக்கு" என்றார். "கடவுள் யாரச் சேத்துக்குவாருன்னு எனக்கென்ன தெரியும்? கதவத் தொறந்து வைக்கிறதுதான் எனக்குக் குடுத்த வேலை."

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிறு, ரொட்டிக் கடைக்காரர் பெயர் வந்தது. போதகர் படித்தார், மணியும் அடித்தார். ரொட்டிக் கடைக்காரரோ எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "பாஸ்டர், நான் இன்னும் கடைய மூடல" என்று அவர் எழுந்து சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நான்காம் நாள் அவரை அவர் அடுப்படியிலேயே வெட்டிப் போட்டிருந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கருகிய ரொட்டி வாசனை, இரண்டு தடவை துவைத்த பிறகும் என் சட்டையில் இருந்தது.

"ஆளு கண்ணு முன்னாடி உக்காந்திருக்காரு. பழக்கதோஷத்துல அடிச்சிட்டேனே" என்று போதகர் பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெயரைப் படித்ததைவிட, மணி அடித்ததுதான் அவரை அரித்தது.

பெட்டியைக் கழற்றிவிடச் சொன்னார்கள் சபைப் பெரியவர்கள். "கழட்டுனா எழுதறத நிறுத்துவான். வெட்டறத நிறுத்துவானா? இப்பவாவது முன்கூட்டியே தெரியுது" என்றார் போதகர். அதன் பிறகு இரண்டு பெயர்கள் அப்படி வந்தன. இரண்டும், ரொட்டிக் கடைக்காரருடையதைப் போலவே, பச்சை மையில், பொறுமையான கையெழுத்தில்.

உயிரோடிருப்பவர் பெயர் என்றால் இப்போது அவர் மணியைத் தொடுவதில்லை. அதனால் எங்களுக்கு மணிச் சத்தம் நிம்மதியாகிவிட்டது. ஒரு பெயருக்குப் பிறகு சத்தம் வரவில்லையென்றால்தான் எல்லோரும் திரும்பி அந்த ஆளைத் தேடுவோம். அவர் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஆராதனை முடிந்ததும் மடக்கு நாற்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஆள் வீட்டுக்குப் போய், வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கணக்கு வாத்தியார் வீட்டில் ஆறு நாள். மின்வேலைக்காரர் வீட்டில் ஆறு நாள். வெங்காயம் உரித்துக் கொடுப்பார், கைக்குழந்தையைத் தூங்க வைப்பார். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

"யாராவது வந்தாங்களா?" என்று அவர் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"வாத்தியார் வீட்டுக்கு ஒருத்தன் வந்தான். எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் அசையாம நின்னான். செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தான். 'வெயில்ல நிக்கிறியேப்பா, இப்படி நெழலுக்கு வா'ன்னேன். போயிட்டான்." கண்ணாடி நூலை இறுக்கிக்கொண்டே, "அந்த ஊக்கு காலக் குத்துமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்ட வந்தவன் காலுக்கா கவலை என்று கேட்டும்விட்டேன். 

அவர் மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினார். "ஊருக்கெல்லாம் போய் உக்கார்றீங்க. உங்க பேரு வந்தா யாரு வந்து உக்காருவா?"

போதகர் இன்னொரு ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டினார்.

போன ஞாயிறு பதினொரு சீட்டுகள். பத்துக்கு மணி அடித்தது. பதினொன்றாவதைத் தூக்கிப் பிடித்தபோது காகிதத்தின் பின்பக்கம் மை ஊறியிருந்தது. பச்சை. மற்றவற்றைப் படித்த அதே குரலில் போதகர் தன் பெயரைப் படித்தார். மணி அடிக்கவில்லை. அவர் மனைவி மட்டும் எழுந்து நின்றார். சீட்டு சட்டைப்பைக்குள் போனது.

என் வீட்டிலும் நாற்காலி இருக்கிறது. எடுத்துக்கொண்டு நான் போயிருக்கலாம். போகவில்லை, பயம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் வாசலில் மடக்கு நாற்காலியை விரித்தார். பிறகு உள்ளே போய், சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து அதற்கு எதிரே போட்டார். மனைவி அதில் உட்காரப் போனார்.

"அது உனக்கில்லம்மா. வர்றவனுக்கு."

மனைவி அவருக்குப் பின்னால் படியில் உட்கார்ந்தார். தெருவில் வேறு யாருமில்லை. முனையில் ஒருவன் நிற்பதுபோல் இருந்தது. என் ஜன்னலிலிருந்து சரியாகத் தெரியவில்லை. போதகர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். காலி நாற்காலியின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிழலுக்குள் இழுத்துப் போட்டார்.