ஐயர் பங்களாவில் ஜெபா சொன்ன சாட்சி

கரையான்சாவடி ஜெபாவுக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டுமே! அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் பிசிறு வெட்டிவிட்டு, பஸ்ஸில் இடிபட்டு வீடு வந்து, சீக்காளிப் புருஷனுக்கு உப்பில்லாத சோறு ஆக்கிப் போடுகிறவளுக்கு வாயாவது கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டாமா?

ஆனால் அந்த வாய்தான் அவளைக் கவிழ்த்தது. புருஷன் கிருபாகரன் லேத் பட்டறைக்காரன். இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவர்கள் போகும் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் விசுவாசமாம். ஈஸ்டர் ஆராதனையில் ஜெபாவும் மைக்கைப் பிடித்து, "எங்க ஊட்டுக்காரருக்கு ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டார்" என்று அழுதுகொண்டே சொன்னாள். சபையே கை தட்டியது. ஆசையில் சொன்னாள், பாவம்.

கிருபாகரன் அதை அப்படியே நம்பிவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், "சுகமானவனுக்கு இன்னாத்துக்கு ஊசி? நீதானே சாட்சி சொன்ன?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். நாலைந்து நாளில் முகம் ஊதிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். ஜெபா கெஞ்சினாள், திட்டினாள், காலைக்கூடப் பிடித்தாள். சொன்னது பொய் என்று மட்டும் சொல்ல வரவில்லை. சொன்னால் ஆண்டவரையே பொய்யராக்கியது போலாகிவிடும் என்று பயந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சபையார் வேன் பிடித்துப் பூந்தமல்லி ஐயர் பங்களாவைப் பார்க்கப் போனார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் போதகர் கட்டிய வீடு அது. போதகரை அப்போதெல்லாம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். வீங்கிப்போய்ச் செருப்பு நுழையாத காலோடு கிருபாகரனும் அடம்பிடித்து வந்தான்.

உள்ளே ஒரு சின்ன ஜெப அறை. கல் தரையில் முழங்கால் பட்டுப் பட்டு இரண்டு குழி விழுந்திருந்தது. "இங்க முழங்கால் போட்டவர் கேட்டதெல்லாம் வாங்கினார்" என்று சபையின் வினோத் பாஸ்டர் சொன்னதும் எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள். கிருபாகரன் முண்டியடித்துப் போய் அந்தக் குழியிலேயே முழங்காலிட்டான்.

ஜெபாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பின்பக்கமாக வெளியே வந்தாள். மதிலோரம் மூன்று சின்னக் கல்லறைகள். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் சாவித்திரி அங்கே சருகு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருதுக்கா இது?"

"ஐயரோட பசங்கம்மா. காய்ச்சல்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணு போச்சுங்களாம். உள்ள குழி கீதே, அது பசங்களுக்கோசரம் அவரு மண்டி போட்டு அழுத எடம்னு சொல்வாங்க."

"அவ்ளோ கேட்டும் கெடைக்கலியா?"

"இன்னா கெடைச்சுது? இதோ, கல்லுதான் கீது."

ஜெபா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய மனுஷன் கேட்டதற்கே ஆண்டவர் முடியாது என்றிருக்கிறார். ஆனால் அந்த மனுஷன் பிள்ளைகள் பிழைத்துவிட்டதாக ஊருக்குச் சொல்லவில்லையே! செத்ததைச் செத்ததென்று கல்லில் வெட்டி, மேலே சிலுவையும் போட்டுவிட்டு, திரும்பவும் அந்த அறைக்குள்தானே போயிருப்பார்? ஆண்டவரிடம் பொய் சொல்லாமலும் அழலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கேன் தெரியாமல் போயிற்று என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அவள் உள்ளே வந்ததும் பாஸ்டர் கூப்பிட்டார். "சிஸ்டர், இந்தப் பரிசுத்தமான எடத்துல உங்க சாட்சிய இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"ஐயா, அவருக்கு சுகமாவல. ஆவணும்னு ஆசைப்பட்டு சொல்லிட்டேன். பின்னாடி ஐயரு பசங்க சமாதி கீது, போய்ப் பாருங்க. ஏங்க, எழுந்திருங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் அவளைப் பார்க்காமல் பாடினார்கள். எழ முடியாமல் தவித்த கிருபாகரனை ஜெபா ஒருத்திதான் தூக்கி நிறுத்தி, வாசலுக்குக் கூட்டிவந்து ஆட்டோவை நிறுத்தினாள்.

இத்தனை நாளும் அந்த ஊதிய முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை. கத்தியிருந்தாலாவது தேவலை, அவன் கோபப்படக்கூட இல்லை.

"சுகமாயிட்ச்சின்னு நெனச்சிகினு போவாம இருந்தேன் ஜெபா. ஆவவே ஆவாதுன்னு இப்ப தெரிஞ்சிபோச்சு. இனிமே இன்னாத்துக்குப் போவணும்?"

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். எங்கே என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஜெபா ஆஸ்பத்திரி என்றாள். கிருபாகரன் கரையான்சாவடி என்றான். ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புருஷன் சொன்ன பக்கமே வண்டியைத் திருப்பினார்.